சேறு தண்ணியை விடற வரைக்கும்

ரயில் கேட்டைப் போட்டுட்டானுங்களா? பாத்தீங்களா, நம்ம வண்டி வந்து சேர்ற நேரம் பாத்துத்தான் போடுவான். முன்னாடி போன லாரி தாண்டிப் போயிருச்சு. இந்த டிரைவர் அந்தக் கூடைக்கார அம்மாவுக்காக நிறுத்தாம வந்திருந்தா நாமளும் தாண்டியிருப்போம். இந்தச் சன்னலைச் சித்த தூக்கட்டுங்களா? வெயில் மூஞ்சில அடிக்குமோ உங்களுக்கு? சரி, எறக்கி உட்டர்றேன். பாதியில நிக்கட்டும். இல்லீங்க, முழுசாவே எறக்கிரலாம்.

நீங்க பேப்பர் படிங்க. நான் தொந்தரவு பண்ணல.

இந்தப் பையைத்தானே பாக்கறீங்க? வாசம் வருதுங்களா? வராது. மோந்து பாருங்க, மழை பேஞ்ச மண்ணு மாதிரி இருக்கும். இது ஒரு காலத்துல கோழிப்பீயிங்க. அட, முகத்தைத் திருப்பாதீங்க, இப்ப அப்படி இல்லை. கையில புடிங்க. அமுக்குங்க. பாத்தீங்களா, ஒரு சொட்டுத் தண்ணி வருதா? உள்ளங்கை நனையுதா? இதுக்குத்தானுங்க ஐப்பசியில இருந்து நானு நாயா அலைஞ்சேன். இதை எங்க மச்சான் கையில குடுத்து அமுக்கிப் பாக்கச் சொல்லிட்டு, என்ற சம்சாரத்தைக் கூட்டிக்கிட்டு வரத்தான் இப்பப் போறேன்.

எம் பேரு செங்கோடன். அந்தக் கோழி எருக் கேஸ் கம்பெனியில சூப்பர்வைசர். கேட்டுக்கு அந்தப்பக்கம் தூரத்துல பச்சைக் கலர்ல உருண்டையாத் தெரியுது பாருங்க, அதுதான். நாமக்கல்லச் சுத்தி இருக்கற பண்ணை எருவெல்லாம் அங்க வரும். தொட்டியில கொட்டி, காத்துப் புகாம மூடி வெச்சா உள்ள ஊறி ஊறிக் கேஸ் கெளம்பும். கேஸ்ல கரண்டு எடுக்கறோம். அதெல்லாம் அருமையா நடக்குதுங்க. கேஸ் எடுத்தது போக மிச்சம் கருப்பா ஒரு சேறு வரும், அதுதான் என்ற குடியைக் கெடுத்துச்சு. பாதிக்கு மேல தண்ணி. ஆனா அந்தத் தண்ணியை அது உடாது. வெயில்ல போட்டாலும் மேல ஆடை கட்டிக்கிட்டு உள்ள அப்படியே கூழா இருக்கும். வேற வழியில்லாம குட்டை வெட்டி அதுல உட்டு வெச்சிருந்தோம்.

ஐப்பசி மழையில குட்டைக் கரை ஒடஞ்சிருச்சுங்க. வெளிய வந்த சேறு பள்ளத்தைப் பாத்துத்தானே போகும்? பள்ளத்துல இருக்கறது கைலாசத்தோட வெள்ளாமைக் காடு. கைலாசம்னா வேற யாரும் இல்லை, என்ற சம்சாரத்தோட அண்ணன். அவரு கெணத்துல போயி விழுந்துச்சு.

என்ற சம்சாரம் பேரு சம்பூரணம். சேதி கேட்டதும் சண்டை போடுவான்னு பாத்தேன். போடல. துணிமணியைப் பையில வெச்சா. "அந்தக் கெணத்துத் தண்ணியக் குடிச்சு வளந்தவ நானு. அது தெளியற வரைக்கும் எங்கண்ணன் ஊட்டுலதான் இருப்பேன்"னா. அதுல ஒரு நாயம் இருக்குதுங்க, இல்லேங்கல. ஆனா வாசப்படி எறங்கறப்ப ஒண்ணு சொன்னா பாருங்க. "அங்க வந்து வந்து நிக்காதீங்க. சித்த கம்முனு இருங்க"ன்னா.

நானாங்க கம்முனு இல்லாதவன்? நீங்களே சொல்லுங்க. இந்தச் செருப்பு உங்களுதுங்களா? ஓரமா நகத்தி வெச்சேன், யாராச்சும் மிதிச்சுருவாங்க.

சரி, கேளுங்க. கரை ஒடஞ்ச பொறவு ஊர்க்காரங்க வந்து கம்பெனி கேட்டுல நின்னுட்டாங்க. முதலாளி பயந்துக்கிட்டு ஒரு மெசின் வாங்கினாரு. உள்ள பெரிய திருகு ஒண்ணு சுத்தும். கரும்பு புழியற மாதிரி சேத்தை நெருக்கி, சுத்தியிருக்கற சல்லடை வழியாத் தண்ணியத் தள்ளிட்டு, கட்டியை அந்தப் பக்கமாத் துப்பும். கேக்குன்னு சொல்லுவோம் அதை. கூழ் மாதிரி போச்சுன்னா கேக் இல்லை. கையில புடிச்சா நிக்கணும். கேக் வந்தா குட்டையே தேவையில்லை. குட்டை காஞ்சா மச்சான் காட்டுக்குள்ள ஊறிப் போறது நிக்கும், அவரு கெணத்தை எறைச்சுட்டா தண்ணி தெளியும், சம்பூரணம் ஊட்டுக்கு வருவா. மத்தவனுக்கெல்லாம் அது மெசினு. எனக்கு அதுதான் என்ற பொழப்பே.

மெசினைப் போட்டோம். கூழு உள்ள போச்சு, கூழு வெளிய வந்துச்சு.

பொறவுதான் மருந்து விக்கற கம்பெனியில இருந்து ஒரு புள்ள வந்துச்சு. ஜெனிபர்னு பேரு, திருச்சிப் பொண்ணு, கெமிஸ்ட்டு. நல்ல புள்ளைங்க, ஆனா ரொம்ப மெதுவு. சேத்தைக் குவளையில எடுத்து வெளிச்சத்துல காட்டிச் சொல்லுச்சு: "சார், இதுல இருக்குற துகள் எல்லாம் ரொம்பப் பொடிசு. ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே நிக்குது, அதான் சேர மாட்டேங்குது. மொதல்ல அதுங்களைச் சமாதானப்படுத்தணும், அதுக்கு பெரிக் குளோரைடு. அப்புறம் பாலிமர். அது நூல் மாதிரி எல்லாத்தையும் கோத்துக் கட்டிரும். கட்டிருச்சுன்னா தண்ணி தானா வெளிய வந்துரும், நாம ஒண்ணும் பண்ண வேண்டாம்."

சொன்னபடியே செஞ்சும் காட்டுச்சு. செவப்பா ஒரு மருந்தை ஊத்தி வேகமாக் கலக்குச்சு, நொரையாப் பொங்குச்சு. அடங்கினதும் பாலிமர் கரைச்ச தண்ணியை ஊத்தி, கரண்டியில மெதுவா ரெண்டு சுத்து, கைக்கொழந்தைக்கு மருந்து கலக்கற மாதிரி. அப்பறம் கரண்டியைக் கீழ வெச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. பாத்துக்கிட்டே இருக்கறேன், பால் திரிஞ்ச மாதிரி கருப்பெல்லாம் கட்டி கட்டியா ஒதுங்குது. ஊடால தண்ணி, கடுங்காப்பி நெறத்துல, ஆனா தெளிவா. என்ற கண்ணு கலங்கிருச்சுங்க. வெக்கத்தை உட்டுச் சொல்றேன், சம்பூரணமே பையோட வந்து முன்னாடி நின்ன மாதிரி இருந்துச்சு.

நல்லாக் கட்டியிருக்குதான்னு பாக்கோணுமில்ல? குவளையை வாங்கி ஒரு ஆட்டு ஆட்டினேன். எல்லாம் பழையபடி சேறாப் போச்சு.

அந்தப் புள்ள முகத்தைப் பாக்கோணுமே. "சார், கட்டுனதுக்கு அப்புறம் அசைச்சா ஒடஞ்சிரும். ஒடஞ்சா மறுபடி அந்த மாதிரி சேராது"ன்னுச்சு. எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சுங்க, மருந்து தரமில்லைன்னு. ஒரு ஆட்டுக்குத் தாங்காத கட்டு என்ன கட்டுங்க?

ரயில் இன்னும் வரலையே. கேட்டுக்காரன் உள்ள உக்காந்து என்ன பண்றான்? போயிக் கேட்டுட்டு வரட்டுங்களா? வேண்டாங்கறீங்களா, சரி.

எங்க தொட்டியில கலக்கறதுக்கு மோட்டார் விசிறி இருக்குதுங்க. ஜெனிபர் அதோட வேகத்தைக் கூட்டற திருகுல பெயிண்டால கோடு போட்டு, பாலிமர் உட்டதுக்குப் பொறவு இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போச்சு. அந்த வேகத்துல விசிறி சுத்தறதைப் பாத்தா உங்களுக்கே கோவம் வரும். தூக்கத்துல பொரள்றவன் மாதிரி சுத்துது. இவ்வளவு பெரிய தொட்டியில, அடியில இருக்கற சேத்துக்கு மருந்து எப்படிப் போயிச் சேரும்? நான் சித்த தூக்கி வெச்சேன். பொறவு இன்னுஞ் சித்த. அதுவும் பத்தாம மூங்கிலைக் கொண்டாந்து ஓரத்துல நானே தொழாவினேன். மொதல்ல கட்டி கட்டியா வர்ற மாதிரி இருக்கும். ஆகா வந்துருச்சுன்னு இன்னும் நல்லாத் தொழாவுவேன். பாத்தா ஒண்ணுமே இல்லை, மறுபடி சேறு.

சரி, மருந்து பத்தலைன்னு இன்னும் கொஞ்சம் ஊத்தினேன். விருந்து சோத்துல ஒரு கரண்டி நெய்யை அதிகமா ஊத்தினா யாராச்சும் கோவிச்சுக்குவாங்களா? இந்தச் சேறு கோவிச்சுக்குச்சு. வெண்டைக்காயை வெட்டிக் கலக்கின மாதிரி கொழகொழன்னு ஆகி, மெசின் சல்லடையெல்லாம் அடைச்சுக்கிச்சு. பிரிச்சுக் கழுவறதுக்குள்ள முதுகு ஒடஞ்சு போச்சு. அந்தப் பாலிமர் தூளு இருக்குதே, அதைத் தண்ணியில கொஞ்சங் கொஞ்சமாத் தூவி ஊற வெக்கோணுமாம். ஊறறதுக்கு அது எடுக்கற நேரத்துல ஒருத்தன் கருமாதிக்குப் போயிட்டு வந்துரலாம். மொத்தமாக் கொட்டி ஒரு அடி அடிச்சேன். ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையா மெதக்குது, கரையவே மாட்டேங்குது. இது மருந்தா, இல்லை பாயசத்துக்கு வாங்கினதான்னு ஜெனிபருக்கே போன் போட்டுக் கேட்டேன்.

போர்த்தண்ணி உப்புன்னு சந்தேகப்பட்டு லாரியில ஆத்துத் தண்ணி வரவழைச்சேன். கோழிக்குத் தீவனம் மாத்திட்டானான்னு பண்ணை பண்ணையாப் போயி விசாரிச்சேன். இதையெல்லாம் வேற எவன் செய்வான் சொல்லுங்க? தொட்டிகிட்ட மாரப்பன்னு ஒருத்தன் வேலை செய்யறான். நான் போயி நின்னா போதும், "அண்ணா, நீங்க போயி டீ குடிச்சுட்டு வாங்களேன்"ம்பான். குடிச்சுட்டு வந்தா, "இன்னொரு டீ?"ம்பான். என்ற மேல அத்தனை பாசம் அவனுக்கு.

இதுக்கு நடுவால மச்சான் ஊடு வேற. வேலைக்குப் போற வழிதானே, தெனமும் வண்டியை நிறுத்தி ஒரு எட்டு பாத்துட்டு வருவேன். சம்பூரணம் அடுப்படியில இருந்து எட்டிப் பாத்துட்டு உள்ள போயிருவா. மச்சான் கட்டில்ல உக்காந்துக்கிட்டு, வாங்கன்னும் சொல்ல மாட்டாரு, போங்கன்னும் சொல்ல மாட்டாரு. நானே பேசிக்கிட்டு இருப்பேன். மெசின் எந்த நெலமையில இருக்குதுன்னு ஒருத்தராச்சும் சொன்னாத்தானே அவங்களுக்கும் நம்பிக்கை வரும்?

ஒரு நாள் கெணத்தை எட்டிப் பாத்தேன். சேறு கொஞ்சம் அடியில எறங்கி, மேலாப்புல தண்ணி லேசாத் தெளிஞ்சிருந்துச்சு. எனக்குத் தரிக்கல. அடுத்த நாள் படிகாரக் கட்டி வாங்கியாந்து, துணியில முடிஞ்சு, கவுத்துல கட்டி உட்டு, கெணத்தைச் சுத்தி வந்து நல்லா ஆழமாக் கலக்கி உட்டேன். படிகாரம் போட்டா தெளியுமில்லீங்க, கொடத்துல போட்டுப் பாத்திருப்பீங்க. தெளியல. அடியில கெடந்ததெல்லாம் மேல வந்துருச்சு. மச்சான் வந்து பாத்தாரு. என்ற கையில இருந்து கவுத்தை வாங்கிச் சுருட்டினாரு. மக்கா நாள் காலையில போறேன், காட்டுப் படலுக்குப் பூட்டுப் போட்டிருக்குது. உள்ள சம்பூரணம் நிக்கறா, தலையில கையை வெச்சுக்கிட்டு. நல்லதுக்குச் செஞ்சா காலம் இப்படித்தான் இருக்குது.

அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலீங்க. ஊட்டுல ஒரு சத்தம் கெடையாது. நான் பேசினா திட்டறதுக்காச்சும் ஒரு ஆள் இருந்தா. நானே பேசி நானே கேட்டுக்கிட்டு எவ்வளவு நேரம் இருக்கறது? அவ திட்டறது இல்லாம எனக்குப் பித்துப் புடிச்ச மாதிரி இருந்துச்சு.

வருதுங்களா? சங்குச் சத்தம் மாதிரி கேட்டுச்சே. லாரிங்களா? சரி.

அப்பத்தான் மேனேஜர் என்னையக் கூப்பிட்டாரு. ஜெனிபரும் பக்கத்துல நின்னுச்சு. "செங்கோடண்ணா, கோயமுத்தூர்ல இதே மாதிரி மெசின் ஒண்ணு ஓடுது. நீங்க போயி நல்லாப் பாத்துட்டு வாங்க. அவசரமே இல்லை, நிதானமா வாங்க"ன்னாரு. அத்தனை பேர் இருக்கறப்ப என்னையப் போயி அனுப்பறாங்கன்னா என்ன அர்த்தம்? நெஞ்சு நெறைஞ்சு போச்சுங்க. போனேன். அங்க இருந்தவங்களும் மெதுவாத்தான் ஓட்டறாங்க. நான் நாலு விசயம் சொல்லிக் குடுத்தேன், ரெண்டொரு திருகைத் தொட்டும் காட்டினேன். மக்கா நாளே அவங்க எங்க மேனேஜருக்குப் போன் போட்டு ஏதோ பேசினாங்க. "பரவால்ல, வாரம் முச்சூடும் அங்கயே இருக்கட்டும்"னு அவரு சொன்னது எனக்கே கேட்டுச்சு. அந்த அளவுக்கு நம்பிக்கை.

திரும்பி வந்து பாக்கறேன், கேக்கு மலையாட்டம் குவிஞ்சு கெடக்குது! மெசின் கட்டி கட்டியாத் துப்புது. வடிதண்ணி சலசலன்னு போகுது. மாரப்பன் கையைக் கட்டிக்கிட்டு நின்னுக்கிட்டு இருக்கறான். நான் ஒரு கட்டியை எடுத்து அமுக்கினேன். ஒண்ணும் சொட்டல. அங்கயே உக்காந்து அழுதுட்டேங்க, எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கறாங்கன்னுகூடத் தோணல.

எப்படி வந்துச்சுன்னு கேக்கறீங்களா? யாருக்கும் சரியாச் சொல்லத் தெரியல. ஜெனிபர் என்னமோ வேகம், நேரம்னு சொல்லுச்சு. எனக்குத் தெரியுங்க. நான் ஐப்பசியில இருந்து ஊத்தின மருந்தெல்லாம் தொட்டியில ஊறி ஊறி, இப்பத்தான் வேலை செய்யுது. எதுக்கும் ஒரு நேரம் வரோணுமில்ல? சரியா நான் ஊர்ல இல்லாதப்பப் பாத்து வந்துச்சு, அதுதான் என்ற ராசி.

என்னையும் அவங்க மறக்கல. ஊர்ல இருந்தும் வெளிய இருந்தும் மெசினைப் பாக்க ஆளு வர்றாங்க, அவங்களுக்கு விளக்கம் சொல்ற பொறுப்பு இப்ப எனக்கு. கம்பெனி கேட்டுப் பக்கத்துல தனியா ரூமு, நாற்காலி, காத்தாடி. விசிறித் திருகுக்கு ஒரு பெட்டி செஞ்சு பூட்டுப் போட்டு, சாவியை மாரப்பன்கிட்டக் குடுத்துட்டாங்க. குடுக்கட்டும், அவனுக்கும் ஒரு பொறுப்பு வேணுமில்ல?

குட்டை வத்திருச்சுங்க. மச்சான் மோட்டாரைப் போட்டுக் கெணத்தை எறைச்சு எறைச்சு உட்டுட்டாரு. நேத்து சம்பூரணம் போன் பண்ணினா. எத்தனையோ நாளைக்குப் பொறவு அவளே பண்றா. "தண்ணி தெளிஞ்சிருச்சு. அண்ணனும் கொஞ்சம் எறங்கி வந்திருக்கறாரு. நாளைக்குச் சாயந்தரம் நானே பஸ்ஸேறி வர்றேன். நீங்க வராதீங்க. வந்து நாலு வார்த்தை பேசினீங்கன்னா அவரு மறுபடி முறுக்கிக்குவாரு. ஊட்டுலயே கம்முனு இருங்க"ன்னா.

இருந்தேங்க. சத்தியமா இருந்தேன். விடிஞ்சதும் ஊட்டைக் கூட்டினேன். பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தை மறுபடி கழுவினேன். வாசல்ல நின்னேன், உள்ள போனேன், வாசல்ல நின்னேன். மத்தியானம் ஆச்சு. சாயந்தரத்துக்கு இன்னும் எவ்வளவு நேரம் கெடக்குது! இப்பப் போனா மச்சானுக்கு இந்தக் கேக்கைக் காட்டி, கையில குடுத்து, பாருங்க மச்சான், இனி உங்க காட்டுக்கு ஒரு சொட்டு வராதுன்னு சொல்லிட்டு, அவளையும் கையோட கூட்டிக்கிட்டு வந்துரலாமில்ல? நாலு வார்த்தையில என்னங்க கெட்டுப் போகும்? நீங்க ஏன் சிரிக்கறீங்க?

வாங்க, எறங்கி நிக்கலாம். உள்ள வேகுது. எல்லாரும் எறங்கிட்டாங்க பாருங்க. ஒரு கூட்ஸ் போயி, பொறவு ஒரு பாசஞ்சர் போனாத்தான் தெறப்பானாம், அந்த வெள்ளரிக்காக்காரர் சொல்றாரு. கூட்ஸ் வந்துருச்சு. அம்மாடி, இது முடியவே முடியாதாட்டம் இருக்குதே. எத்தனை பெட்டி!

போயிருச்சு. இப்பத் தெறந்து உட்டா என்ன? பாசஞ்சர் வர்றதுக்குள்ள ரெண்டு வண்டி தாண்டிராதா? அந்தப் பக்கம் நிக்கற பஸ்சும் நம்மளை மாதிரித்தான் காயுது. மொதப் பஸ்சு, சன்னலோரத்துல...

ஏனுங்க. ஏனுங்க, அங்க பாருங்க. நீலச் சேலை. சன்னலோரம். உங்களுக்குத் தெரியுதா? அவதான். சம்பூரணம்! சாயந்தரம் வர்றேன்னவ இப்பவே கெளம்பிட்டா பாருங்க. பொறுமையே கெடையாதுங்க இவளுக்கு. ஒரு ரெண்டு மணி நேரம் இருக்க மாட்டாளா? நான் மட்டும் இப்பக் கெளம்பி வரலைன்னா... இல்லை, வரலைன்னா ஊட்டுக்கே வந்திருப்பா. சரி, அதை உடுங்க. சம்பூரணம்! ஏ சம்பூரணம்! இக்கட்ட பாரு, இந்தப் பக்கம்!

பாத்துட்டா. பாத்துட்டாங்க. தலையில அடிச்சுக்கறா. சிரிக்கறாளா, அழுவறாளா? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. எறங்கறா. பையை எடுத்துக்கிட்டு எறங்கிட்டா. கேட்டுகிட்ட வந்து நிக்கறா. கையைக் காட்டறா பாருங்க, அங்கயே நில்லு, வராதேன்னு. ரெண்டு கையையும் காட்டறா.

அந்தச் சைக்கிள்காரன் குனிஞ்சு போறானே. பத்தடி தூரம், ஒரே ஓட்டமா... சத்தம் வருதுன்னா தூரத்துல வருது. நான் இந்தக் கட்டைக்கு அடியில நுழைஞ்சு...

ஏனுங்க, எதுக்கு என்ற கையைப் புடிக்கறீங்க? உடுங்க. பேப்பரு கீழ விழுந்துருச்சு பாருங்க, உடுங்க. அவ அங்க ஒத்தையில நிக்கறா. மூணு மாசம் ஆச்சுங்க நான் அவளைப் பக்கத்துல பாத்து. உடுங்கன்னு சொல்றன்ல?

அய்யோ.

வந்துருச்சு. எம்மாங் காத்து... எவ்வளவு வேகமா... நான் கண்ணை மூடிக்கிட்டேங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க. போயிருச்சா? இன்னும் இல்லையா? அவ அந்தப் பக்கம் எடத்துலயே நிக்கறாளா? பெட்டிக்கு நடுவால தெரியுதா? நிக்கறாளா? நகராமத்தான் நிக்கறாளா?

நான் நிக்கறேன். நிக்கறனுங்க. கேட்டைத் தெறந்து அவ இங்க வந்து சேர்ற வரைக்கும், கையை மட்டும் உட்றாதீங்க.